பால்வாடிக்கு அடுத்த தோட்டம்

அன்றைக்குத் தக்காளி சாதமும் அவித்த முட்டையும். பத்தொன்பது பிள்ளைகள் கை கழுவிவிட்டு வந்து தட்டை முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஆயாக்கா சோறு வைத்துக்கொண்டே வர, நான் பின்னாலேயே முட்டையை உரித்து, பாதியாக வெட்டி வைத்துக்கொண்டு வந்தேன். அப்போது அடுத்த தோட்டத்தில் இன்ஜின் ஓடத் தொடங்கியது.

எனக்குப் பழகிப்போன சத்தம்தான். அப்படிப் பழகிப்போயிருந்ததை இப்போது நினைத்தால் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

கம்பத்திலிருந்து கூடலூர் போகிற வழியில் ஒரு கிராமத்தில் நான் அங்கன்வாடி ஊழியர். ஊரில் இன்னமும் பால்வாடி என்றுதான் சொல்வார்கள், என்னை டீச்சர் என்பார்கள். பதினாறு வருஷமாக ஒரே கட்டடம். ஒரு பெரிய அறை, ஒரு சமையலறை, சாமான் வைக்க ஒரு சின்ன அறை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கட்டடத்துக்குப் பின்னால் சோளம் போட்டிருந்தார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் நிலத்துக்குச் சொந்தக்காரரான தோட்டக்காரர் அங்கே கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்துப் பந்தல் போட்டுத் திராட்சை வைத்தார். எங்கள் சுவருக்கும் அந்தப் பந்தலுக்கும் நடுவில் ஒரு வண்டிப்பாதை. அவ்வளவுதான் தூரம்.

திராட்சை சொகுசான பயிர். கொடியைக் கவாத்து வெட்டிய நாளிலிருந்து காய் திரளும் வரைக்கும் அதற்கு மருந்தடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாரல் காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள்கூட அடிப்பார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் பூச்சிக்கொல்லியை யாரும் விஷம் என்று சொல்வதில்லை, மருந்து என்றுதான் சொல்வார்கள். மருந்தடிக்கிறார்கள், மருந்து வாங்கப் போயிருக்கிறார்கள், மருந்து காயவில்லை. பதினாறு வருஷமாக நானும் அப்படித்தான் சொன்னேன்.

அது ஆனி மாதம். குமுளி மலையிலிருந்து காற்று இறங்குகிற காலம். மருந்தடிக்கிற இன்ஜின் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக வாடை வந்தது. வழக்கத்தைவிட நெடியாக இருந்தது. ஆயாக்காவை ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். இரண்டு ஜன்னலில் ஒன்றுக்குக் கொக்கி இல்லை. கொக்கி போட்டுத் தரச் சொல்லி இரண்டு வருஷமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா அதைச் சாத்தி, ஒரு மரப்பலகையை முட்டுக் கொடுத்தார். காற்று தள்ளிவிட்டது.

அந்த ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தது மூன்றரை வயதுப் பெண் பிள்ளை ஒன்று. வீரபாண்டித் திருவிழாவில் வாங்கிய கண்ணாடி வளையலைக் கழற்றவே மாட்டாள். முட்டையில் மஞ்சளை முதலில் தின்றுவிட்டு, வெள்ளையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். அன்றைக்கும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து என்னிடம் நடந்து வந்தாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று குனிந்தேன். என் சேலை முழுவதும் வாந்தி எடுத்தாள்.

இன்னும் இரண்டு பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதார்கள். ஒருவனுக்கு இருமல் நிற்கவில்லை. எல்லோரையும் தட்டோடு விட்டுவிட்டு முன்பக்க வாசலுக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். அக்கா ஈரத்துண்டால் ஒவ்வொரு முகமாகத் துடைத்தார். வளையல் போட்ட பிள்ளைக்கு வாந்தி நிற்கவில்லை. கண்ணிலும் வாயிலும் நீர் வடிந்தது. பாதையில் போன ஆட்டோவை மறித்து அவளைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த டாக்டர் இளம் பெண். பிள்ளையைப் படுக்கவைத்து உடனே பார்த்தார், குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். சொன்னேன். பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடித்ததையும் சொன்னேன். என்ன மருந்து என்றார். எனக்குத் தெரியவில்லை. தோட்டக்காரருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மருந்தின் பெயர் தெரிந்தால் உடனே சொல்லுங்கள் என்று தன் நம்பரைக் கொடுத்துவிட்டு, சீட்டில் எழுதினார். உணவு ஒவ்வாமை என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். நான் அதைப் பார்த்தேன். பெரிதாக, தெளிவாகப் போட்ட கேள்விக்குறி. மேலதிகாரிகளுக்குப் போன அறிக்கையில் அது இல்லை. வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

பிள்ளையின் அம்மா ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவள். காலையில் ஆறு மணி ஜீப்புக்குப் போனால் குமுளி தாண்டி வேலை முடித்துச் சாயந்தரம் ஐந்தரைக்குத்தான் திரும்புவாள். மலைமேல் டவர் கிடைக்காததால் அவளுக்குத் தகவலே போகவில்லை. ஜீப்பை விட்டு இறங்கிய இடத்தில் யாரோ சொல்லி, தூக்குவாளியும் கையுமாக நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். அதற்குள் பிள்ளை தேறித் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வாந்தி பட்ட சட்டை எங்கே என்று கேட்டாள். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தேன். அதைப் பிரித்து மூக்கருகே வைத்து மோந்தாள்.

"இது சோத்து வாடை இல்ல டீச்சர். மருந்து வாடை. ஏலத்தோட்டத்துல நான் தினமும் இதுலதான நிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

அங்கே நின்ற நர்ஸ் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அந்த அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் இருந்தவர்களில் உண்மை தெரிந்தது அவளுக்குத்தான்.

மறுநாள் காலை பத்தரைக்கு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எங்கள் துறை அதிகாரியான பெரிய மேடமும், கூட ஒரு கண்காணிப்பாளரும். வந்ததும் சமையலறைக்குப் போனார்கள். அரிசி டின்னைத் திறந்து வண்டு இருக்கிறதா என்று பார்த்தார்கள். பருப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். முட்டையைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்த்தார்கள். எதுவும் மிதக்கவில்லை. எண்ணெய்ப் பாக்கெட்டில் தேதி பார்த்தார்கள். அப்புறம் ஆயாக்காவைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னார்கள்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறார். முட்டையை அவிக்கும் முன்னால் இரண்டு தடவை கழுவுவார். காய்ச்சல் என்றால் சமையலறைப் பக்கமே வராமல், வாசலில் நின்று இன்னொருத்தியை வைத்துச் செய்ய வைப்பார். அவர் இரண்டு கையையும் நீட்டினார். பெரிய மேடம் விரலைப் பிடித்துத் திருப்பி நகத்தைப் பார்த்தார். வாரத்துக்கு எத்தனை தடவை நகம் வெட்டுவீர்கள் என்று கேட்டார். சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தைக் காட்டி, அதில் உள்ள ஆறு முறையையும் செய்து காட்டச் சொன்னார். அக்கா சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, உள்ளங்கை, கட்டைவிரல், மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். பிள்ளைகள் இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துத் தாங்களும் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது பின்னால் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் பாதியில் விட்ட வரிசையை அன்றைக்கு அடித்தார்கள். வாடை உள்ளே வந்தது. மேடம் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, "என்ன இது இப்படி நாறுது, அந்த ஜன்னலச் சாத்துங்க" என்றார்.

சாத்த முடியாது, கொக்கி இல்லை என்றேன். இந்த நாற்றத்தைத்தான் நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றும் சொன்னேன். அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் நீங்கள் இருப்புப் பதிவேட்டை எடுங்கள் என்றார். மூக்கை மூடிய தலைப்பை எடுக்காமலேயே பருப்பு வாங்கிய தேதியைப் படித்தார். என் வாழ்நாளில் யார்மேலும் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. தோட்டத்தைப் பார்க்க நாலு எட்டு வைத்தால் போதும். வைக்கவில்லை. அவருடைய மூக்குக்குத் தெரிந்தது அவருடைய பேனாவுக்குத் தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு பிள்ளைகளை முன் அறையில் விட்டுவிட்டு நான் கட்டடத்தின் பக்கவாட்டுக்குப் போனேன். அங்கே என் தோட்டம் இருந்தது. காய்கறித் தோட்டம் போடச் சொல்லித் துறையில் உத்தரவு வந்தபோது, மற்ற ஊர்களில் நாலு செடி நட்டுப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். நான் உண்மையாகவே போட்டேன். ஒரு முருங்கை, ஒரு பாத்தி அரைக்கீரை, ஓரத்தில் மணத்தக்காளி. வாரத்தில் மூன்று நாள் பிள்ளைகளின் பருப்பில் என் கீரை விழும். ரத்தசோகை உள்ள பிள்ளைகளுக்குத் தனியாக முருங்கைக் கீரையைப் பொரித்துக் கொடுப்பேன். மாதக் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டியிருக்கிறார்கள்.

முருங்கை இலையில் நீலமும் வெள்ளையும் கலந்த பொட்டுப் பொட்டான கறை இருந்தது. அதை முன்பும் பார்த்திருக்கிறேன். சுவருக்கு வெள்ளையடித்தபோது தெறித்தது என்று நினைத்திருந்தேன். வெள்ளையடித்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது என்பது என் புத்திக்கு உறைக்கவே இல்லை. பாதையைக் கடந்து பந்தலுக்குக் கீழே போய்த் திராட்சை இலையைத் திருப்பிப் பார்த்தேன். அதே நீலம், அதே பொட்டு. கொடியில் பூஞ்சாணம் பிடிக்காமலிருக்க அடிக்கிற மயில்துத்தக் கரைசல். அது நிறத்தால் தன்னைக் காட்டிக்கொடுக்கிற மருந்து. நிறம் காட்டாத மருந்து எத்தனை விழுந்ததோ.

வெளியே வைத்திருந்த தண்ணீர் டிரம்மிலும் மேலே ஒரு படலம் மிதந்தது. மூடி இருந்தது, ஆனால் விளிம்பு வளைந்து ஒரு பக்கம் திறந்தே கிடக்கும். பிள்ளைகள் சாப்பிடும் முன் கை கழுவுவது அந்தத் தண்ணீரில்தான். ஆறு முறையையும் பாட்டாகப் பாடி நான்தான் கற்றுக் கொடுத்தேன்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து அரைக்கீரையை வேரோடு பிடுங்கத் தொடங்கினார். நானும் கூட உட்கார்ந்து பிடுங்கினேன். நான் கைத்தட்டல் வாங்கிய கீரை. எத்தனை மாதமாக நானே என் கையால் அதைப் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று கணக்குப் பார்க்கப் பயமாக இருந்தது. தோட்டக்காரர்மேல் கோபப்படுவதற்கு முன்னால் எனக்கு என்மேல்தான் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

மதியத்துக்குமேல் திராட்சைத் தோட்டத்துக்குள் போனேன். மருந்தடிக்கிற ஆள் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. கண் இரண்டும் சிவந்திருந்தது. என்ன மருந்து என்று கேட்டேன். நாங்கள் தினமும் குடிக்காத குறையாக இதில் நிற்கிறோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று சிரித்தார். ஆனாலும் நல்ல மனுஷன். வாய்க்கால் ஓரத்தில் கிடந்த டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அதில் ஒரு மஞ்சள் முக்கோணமும், விஷம் என்ற எழுத்தும் இருந்தன. ஊரில் யாரும் வாயில் எடுக்காத சொல்லை டப்பாவில் அச்சடித்து வைத்திருந்தார்கள். படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன்.

அவர் அன்றைக்கே கூப்பிட்டார். அந்தப் பிள்ளைக்கு இருந்த அறிகுறிகள் இந்த மருந்துக் காற்றைச் சுவாசித்தால் வரக்கூடியவைதான் என்றார். மறுநாள் போனபோது அதை ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். இந்தத் தடவை கேள்விக்குறி இல்லை. அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அறிக்கை மேலே போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். தோட்டத்தில் மருந்தடிப்பது பற்றி மனு கொடுத்தேன். அது விவசாய ஆபீஸ் பார்க்க வேண்டியது என்றார்கள். விவசாய ஆபீஸில் எந்தப் பயிருக்கு எவ்வளவு அடிக்கலாம் என்று மட்டும்தான் நாங்கள் சொல்வோம், பால்வாடி எங்கள் பொறுப்பில்லை என்றார்கள். ஊராட்சியில் கேட்டதற்கு, தோட்டம் பட்டா நிலம், உள்ளே நுழைந்து நாங்கள் என்ன சொல்வது என்றார்கள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், உட்காரச் சொன்னார்கள். ஒருத்தர் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் பிள்ளையின் அம்மாவும் தோட்டக்காரர் வீட்டுக்குப் போனோம். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். தலைமுறை தலைமுறையாக இந்தப் பள்ளத்தாக்கில் வெள்ளாமை செய்கிற குடும்பம். எங்கள் பால்வாடிச் சுவரில் சிங்கமும் யானையும் மாம்பழமும் வரைந்து கொடுத்தது அவர் செலவில்தான். எங்களை நாற்காலியில் உட்கார வைத்துப் பேசினார்.

"டீச்சரம்மா, கொடி பூவெடுத்து நிக்கிற நேரம். ரெண்டு நாள் விட்டா அம்புட்டும் சாம்பல் நோய் பிடிச்சிரும். மருந்தடிக்கிற ஆளு என்னைக்கு வாரானோ அன்னைக்குத்தான் அடிக்க முடியும். நானா வேணும்னு செய்யிறேன்?"

விடியக்காலையில் பிள்ளைகள் வருவதற்குள் அடிக்கலாமே, இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை அடிக்கலாமே என்றேன். ஆள் கிடைக்க வேண்டுமே என்றார். கட்டடத்தை வேறு இடத்தில் கட்டச் சொல்லி நீங்கள் ஏன் எழுதக் கூடாது என்று கேட்டார். கட்டடம் முதலில் வந்தது, பந்தல் அப்புறம் வந்தது என்றேன். அதற்கு அவர், இதற்கெல்லாம் பயந்தால் பிழைக்க முடியாது, தன் பேத்திகூடக் கொடியிலிருந்து பறித்து அப்படியே தின்கிறாள் என்றார்.

பிள்ளையின் அம்மா அப்போது கேட்டாள். "பேத்தி எங்கனய்யா படிக்குது?"

"தேனியில."

அவள் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள். வருகிற வழியில், நாளைக்கு ஒருநாள் லீவு போட்டுப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வேன், அதற்கப்புறம் உங்களிடம்தான் விட வேண்டும், எனக்கு வேறு போக்கில்லை என்றாள். அவள் குறை சொல்லவில்லை. ஆனால் அது என் தலையில் கல்லாக இறங்கியது.

அடுத்த வாரம் ஆயாக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. சுகாதாரமற்ற முறையில் உணவு சமைத்ததால் குழந்தைக்கு உடல்நலக் குறைவு ஏற்பட்டது குறித்து ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். அக்காவுக்குப் படிக்கத் தெரியும், ஆனால் அந்தத் தமிழ் புரியவில்லை. என்னிடம் நீட்டினார். நான் வாசித்துச் சொல்லச் சொல்ல அவர் சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"அப்ப நாந்தான் வெசம் வச்சேன்னு எழுதியிருக்காக," என்றார். அப்புறம் உள்ளே போய் உலையில் அரிசியைப் போட்டார். அன்றைக்கு அவர் தனக்கென்று தட்டு வைத்துச் சாப்பிடவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சோறு வைக்கும் முன்னால் தானே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, மென்று விழுங்கி, அதற்கப்புறம்தான் தட்டில் வைத்தார். பத்தொன்பது தடவை. நிறுத்துங்கள் அக்கா என்று சொன்னேன், கேட்கவில்லை. நான் சாமான் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன்.

ஆடி பிறந்தது. ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மறுபடியும் இன்ஜின் ஓடியது. காற்று நேரே எங்கள் பக்கம் அடித்தது. நான் முதல்நாளே மருந்தடிக்கிற ஆளிடம் கேட்டு வைத்திருந்தேன், ஆகையால் எதிர்பார்த்துத்தான் இருந்தேன். அக்காவும் சீக்கிரமே சமைத்துவிட்டார். பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிற்க வைத்தேன். முன்னால் போகிறவர்களின் சட்டையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அக்கா சோற்றுச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டார். தட்டும் பாயும் குடிதண்ணீர்க் குடமும் எடுத்துக்கொள்ள இரண்டு அம்மாக்கள் வந்தார்கள்.

சமுதாயக் கூடம் பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு வரிசையைத் திருப்பித் தோட்டக்காரர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

புதுசாகக் கட்டிய வீடு. முன்னால் கார் நிறுத்துகிற அகலமான போர்டிகோ, வழவழவென்று டைல்ஸ். கேட் திறந்திருந்தது. அங்கே பாயை விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்தேன். கை கழுவ அந்த வீட்டுத் தோட்டக் குழாயையே திறந்தோம். சத்தம் கேட்டுத் தோட்டக்காரரின் வீட்டம்மா வெளியே வந்தார். என்ன டீச்சர், ஏதும் விசேஷமா என்று கேட்டார். உங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கிறார்கள், புள்ளைகளை அங்கே வைத்துச் சோறு போட முடியாது என்றேன். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. போன மாதம் ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்திருந்ததையும் அப்போதுதான் கேள்விப்பட்டார். பால்வாடிச் சோற்றில் ஏதோ கோளாறு என்று ஊருக்குள் பேசிக்கொண்டதைத்தான் அவரும் நம்பியிருந்தார். உள்ளே போய் ஒரு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து பிள்ளைகள் பக்கம் திருப்பி வைத்தார்.

பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தோட்டக்காரர் பைக்கில் வந்தார். வழியிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும். கேட்டுக்கு வெளியே ஏழெட்டுப் பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள், ஒருத்தன் போனில் படம் எடுத்தான். தோட்டக்காரரின் முகம் கறுத்துவிட்டது. இது என்ன வழக்கம், என்னை அசிங்கப்படுத்தவா வந்தீர்கள் என்றார்.

நான் முன்கூட்டி எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. "மருந்து காயிற வரைக்கும் புள்ளைக இங்கன இருக்கட்டும்ணே. காஞ்சதும் கூட்டிட்டுப் போயிருவோம்," என்றேன்.

"தினமும் இங்கனதான் வருவீகளா?"

"அடிக்கிற அன்னைக்கெல்லாம் வருவோம்."

அவர் என்னைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். ஒரு பயல் அவர் கார்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தான். வீட்டம்மா கணவரை உள்ளே கூப்பிட்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. குரல் மட்டும் கேட்டது, அது பெரும்பாலும் அந்த அம்மாவின் குரல்தான். பிள்ளைகள் அங்கேயே தூங்கினார்கள். மூன்று மணிக்கு எழுப்பிக் கூட்டி வந்தோம்.

அந்த வாரமே தோட்டக்காரர் ஆளனுப்பினார். இனி ஞாயிற்றுக்கிழமை அடிப்பதாகவும், தவிர்க்க முடியாமல் வேறு நாளில் அடித்தால் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவதாகவும் சொல்லியனுப்பினார். பாதை ஓரமாகப் பந்தல் உயரத்துக்குப் பச்சை வலை கட்டினார். எல்லா நாளும் சொன்னபடி நடக்கிறது என்று சொல்ல முடியாது. மழை விட்ட மறுநாள் இன்ஜின் எட்டரைக்கும் ஓடும். அன்றைக்குப் பிள்ளைகளை ஊர்க்கோடியிலேயே நிறுத்தி, சமுதாயக் கூடத்துக்குக் கொண்டுபோவோம். இப்போது அதன் சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது. கொக்கியை நானே வாங்கி வந்து மாட்டினேன். டிரம்மைச் சமையலறைக்குள் மாற்றினோம். முருங்கையை வெட்ட மனசு வரவில்லை, ஆனால் பறிப்பதில்லை. கீரையை வாரம் ஒருமுறை அக்கா தன் வீட்டுக் கொல்லையிலிருந்து கொண்டுவருகிறார்.

பிள்ளைகளைத் தோட்டக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பத்து நாள் கழித்து எனக்கும் ஒரு கடிதம் வந்தது. முன் அனுமதியின்றிக் குழந்தைகளை மையத்திலிருந்து வெளியே அழைத்துச் சென்று அவர்களின் பாதுகாப்புக்கு ஊறு விளைவித்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். பாதுகாப்பு என்ற சொல்லை எங்கள் துறையின் தாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஜன்னல் கொக்கி கேட்ட மனுவுக்கு அது வரவில்லை, மருந்துக் காற்றுக்கு வரவில்லை, பிள்ளைகளை நல்ல காற்றுக்குக் கூட்டிப்போனதற்கு வந்தது. இரண்டு பக்கம் பதில் எழுதினேன். டாக்டரின் சீட்டு, டப்பாவின் படம், இலையின் படம் எல்லாம் வைத்தேன். கோபத்தில் எழுதிய சில வரிகளை அடித்துவிடச் சொல்லி என் வீட்டுக்காரர் சொன்னார். அடிக்கவில்லை. அதற்குப் பதிலும் வரவில்லை, நடவடிக்கையும் வரவில்லை.

அக்காவின் கடிதத்துக்கும் நான்தான் பதில் எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து, இனி அது பற்றி ஒன்றும் இல்லை, வேலையைப் பாருங்கள் என்று போனில் சொன்னார்கள். போனில் சொன்னதோடு சரி. சோற்றில் குற்றமில்லை என்று ஒரு வரி எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். அதற்கு விதியில்லை என்றார்கள். குற்றம் சாட்ட மட்டும் தாள் இருக்கிறது. ஊரில் இன்னமும் ஒன்றிரண்டு பேர், அந்தப் பால்வாடியில் சோற்றில் ஏதோ விழுந்து புள்ளை சாகப் பிழைக்கக் கிடந்ததே என்று பேசுகிறார்கள். அக்கா அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். விடுங்கள் டீச்சர், உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்தப் புள்ளையோட ஆத்தாவுக்குத் தெரியும், போதும் என்கிறார். எனக்குப் போதவில்லை. அவருடைய கோப்பில் அந்த முதல் கடிதம் இருக்கிறது, அதற்குமேல் வேறு ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் எழுந்து அந்த ஒரு வரியைக் கேட்கிறேன். முதலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், இப்போது பார்ப்பதில்லை. போன மாதம் நான் எழுந்ததுமே மேடம் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒங்க ஆயா விஷயந்தான, தெரியும். உக்காருங்க," என்றார்.

நான் உட்காரவில்லை.